அம்பு ஒட்டிய சட்டை

அருள்புரம்
22.6.2025

கண்ணு சித்ரகலா,

இது நான் எழுதும் முதல் கடிதம். உனக்கு மட்டுமல்ல, யாருக்குமே இதுதான் முதல். உன் பெயரை எழுதி முடித்ததும் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பெயர் அப்படியே இருந்தது. சந்தோஷமாக இருந்தது. அதனால்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

ஜனனி டீச்சரின் எழுத்தறிவு வகுப்பு பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கிறது. பதினோரு பேர் வருகிறோம். எழுபத்தொரு வயதில் நான்தான் மூத்தவன். கடிதம் எழுத யாருக்காவது ஆள் உண்டா என்று டீச்சர் கேட்டார். நான் கை தூக்கினேன். அங்கமுத்து சும்மா இருப்பானா? "ஏனப்பா நல்லா, பட்டாளத்துக்கே ஆர்டர் போடப் போறயா?" என்றான்.

பட்டாளப் பயிற்சியில் உன் போனை வாங்கி வைத்துவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை தரும் பத்து நிமிஷம் உன் அம்மாவுக்கே பற்றவில்லை. அதனால் எனக்கு இந்த நீல இன்லேண்ட் தாள்.

என் பேனா மை கக்குகிறது. கட்டைவிரல் பூராவும் நீலம். "வேற பேனா வாங்கிக்குங்க தாத்தா" என்றார் டீச்சர். மாட்டேன் என்றேன். இத்தனை வருஷம் இந்த விரலில் மற்றவர்கள் மை தடவினார்கள். இப்போது நானே தடவிக்கொள்கிறேன்.

அங்கே யூனிபாரத்தை யார் அயர்ன் செய்து தருகிறார்கள்? நாற்பது வருஷம் பனியன் கம்பெனியில் அயர்ன் பாக்ஸ் பிடித்தவன், வேறு என்ன கேட்பேன்? இடம் முடிந்துவிட்டது.

உன் அப்புச்சி,
நல்லான்


பெங்களூரு
6.7.2025

அன்புள்ள அப்புச்சிக்கு,

உங்கள் கடிதத்தைக் கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் முத்துப்பேச்சி பிடுங்கிக்கொண்டாள். தூத்துக்குடிப் பக்கம் அவள் ஊர். "யாருட்டி, ஆளா?" என்றாள். "எங்கம்மாவோட அப்பா" என்றேன். முழுவதும் படித்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்தாள். "நல்ல ஆளுதான்" என்றாள்.

இங்கே யாரும் அயர்ன் செய்து தருவதில்லை அப்புச்சி. பாதி நாள் ஓடுகிறோம், மீதி நாள் துணியைப் பார்த்துக்கொள்கிறோம். முப்பத்திரண்டு பேருக்கு இரண்டு அயர்ன் பாக்ஸ். சட்டைக் கையில் ஒரே ஒரு மடிப்புக் கோடு இருக்க வேண்டும். இரண்டு விழுந்தால் ரயில் ஓட்டுகிறாயா என்று கேட்பார்கள். பேண்ட்டை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறோம். காலையில் மடிப்பு நிற்கும். புரண்டு படுத்தால் போச்சு. பெல்ட்டின் பித்தளையைத் தேய்த்துத் தேய்த்து என் முகம் எனக்கே மஞ்சளாகத் தெரிகிறது. ஒரே மழை. எதுவும் காய்வதில்லை.

ஒரு தப்பு செய்துவிட்டேன். முதல் கிட் இன்ஸ்பெக்ஷனுக்குத் துணிகளை மடித்து வைக்கச் சொன்னார்கள். கம்பெனியில் மூன்று வருஷம் செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் இருந்த கை, கேட்குமா? உள்ளே அட்டை கொடுத்து, காலரை நிமிர்த்தி, கை இரண்டையும் பின்னால் மடித்து, ஏற்றுமதிக்குப் போகிற மாதிரி வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. கேட்ட ஆறு பேருக்கும் மடித்துக் கொடுத்தேன். உஸ்தாத் வந்தார். பயிற்சி கொடுப்பவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். என் அட்டையை உருவிப் பார்த்துவிட்டு, "யே துகான் ஹை க்யா?" என்றார். இது என்ன கடையா என்று அர்த்தம். ஏழு பேர் துணியும் தரைக்குப் போனது. பட்டாள மடிப்பே வேறு. பெயர் மேலே தெரிய வேண்டும்.

"உங்க ஊர்ல சட்டைய விக்கத்தான் மடிப்பீங்களா? போடுறதுக்கு மடிக்க மாட்டீங்களா?" என்கிறாள் முத்துப்பேச்சி.

சிரிக்காதீர்கள். எனக்கு ஒரு சிவப்புக் குறி விழுந்துவிட்டது. மூன்று விழுந்தால் அடுத்த பேட்சுக்குத் தள்ளிவிடுவார்கள். பயிற்சி முடிந்து நடக்கும் டிசம்பர் பரேடில் நிற்க முடியாது. மறுபடி முதலிலிருந்து எல்லாம்.

உங்கள்
சித்ரகலா


அருள்புரம்
20.7.2025

கண்ணு சித்ரகலா,

சிரித்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

இப்போது எனக்கு ஒரு வியாதி. எதைப் பார்த்தாலும் படிக்கிறேன். பல்லடம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். ஒரு பலகையைப் பாதி படிப்பதற்குள் பஸ் தாண்டிவிடுகிறது. இறங்கி நடந்து போய் மீதியைப் படித்தேன். "இங்கு சிறுநீர் கழிக்காதீர்" என்று இருந்தது. இத்தனை வருஷம் அந்தச் சுவர் என்னிடம்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இன்னொன்று கேள். கம்பெனியில் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று லேபிள் பார்த்துத்தானே துணியைப் பிரித்து அடுக்குவேன்? அவை இங்கிலீஷ் எழுத்துகள் என்று டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. நான் அவற்றைச் சின்னது, நடுத்தரம், பெரியது, தொந்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு இங்கிலீஷ் எழுத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டே நாற்பது வருஷம் கைநாட்டு வைத்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு கனவு. நான் அயர்ன் செய்துகொண்டிருக்கிறேன். ஆவி எழும்பி எழும்பி மேலே போகிறது. கூரை இல்லை. இத்தனை வருஷம் என் டேபிளில் இருந்து போன ஆவி பூராவும் அங்கே மேகமாக நிற்கிறது. காற்றடித்து அது வடக்கே நகர்ந்து போகிறது. விழித்ததும் நினைத்தேன், உன் சட்டை காயாததற்கு நான்தான் காரணமோ என்று.

உங்கள் சட்டையில் பெயர் எழுதியிருக்கும் என்று பேக்கிங் சுரேஷ் சொன்னான். அவன் அண்ணன் பட்டாளத்தில் இருக்கிறான். நான் டிசம்பர் பரேடுக்கு வருகிறேன். வந்து உன் நெஞ்சில் இருக்கும் பெயரை நானே படிப்பேன். யாரும் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுக்கக் கூடாது. அதனால் நீ அந்தச் சட்டையோடு அங்கே நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

நல்லான்


பெங்களூரு
10.8.2025

அன்புள்ள அப்புச்சிக்கு,

என் பெயர்ப் பட்டையில் இந்தியும் இங்கிலீஷும்தான் இருக்கின்றன. தமிழ் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. கம்பெனியில் துணியில் தப்பு இருந்தால் அந்த இடத்தைக் காட்டி அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோமே, அதே வேலையை இங்கேயும் ஆரம்பித்தேன். மருத்துவ அறையில் கிடைத்த வெள்ளை பிளாஸ்திரியை அம்பு மாதிரி வெட்டி வைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் எல்லார் சட்டையையும் பார்ப்பேன். பட்டன் நூல் தொங்கினால் ஒரு அம்பு. மடிப்பு விலகியிருந்தால் ஒரு அம்பு. சரிசெய்துவிட்டு அவர்களே உரித்துக்கொள்வார்கள். மூன்று வாரம் நாங்கள் தங்கும் பாரக்குக்கு ஒரு குறிகூட விழவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

போன சனிக்கிழமை முத்துப்பேச்சியின் சட்டையில் முதுகுப் பக்கம், காலருக்குக் கீழே ஒரு அம்பு உரிக்காமல் இருந்துவிட்டது. ஒட்டிய நான் அவளிடம் சொல்லவில்லை. அப்புறம் சொல்லலாம் என்று சாப்பிடப் போனேன், மறந்துவிட்டேன். அவள் அப்படியே போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். உஸ்தாத் அந்த அம்பை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு, இது யார் வேலை என்று கேட்டார்.

நான் பேசவில்லை, அப்புச்சி.

எனக்கு ஏற்கெனவே இரண்டு குறி. அம்பு ஒட்ட ஆரம்பிப்பதற்கு முன்பே ஈரச் சட்டை போட்டதற்கு ஒன்று விழுந்தது. வாயைத் திறந்தால் மூன்றாவது. முத்துப்பேச்சிக்கு நான்தான் என்று தெரியும். அவளும் என் பெயரைச் சொல்லவில்லை. யூனிபாரத்தை வைத்து விளையாடியதாக அவளுக்குக் குறி போட்டு, மைதானத்தை நாலு சுற்று ஓடவிட்டார்கள். திரும்பி வந்து, "ஊரே பாத்துச்சு, எனக்கு மட்டுந்தான் தெரியல, என்னட்டி?" என்றாள். அதுதான் கடைசி. அப்புறம் பேசவே இல்லை. இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடம்.

உஸ்தாதிடம் போய்ச் சொல்லட்டுமா, வேண்டாமா? அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

சித்ரகலா


அருள்புரம்
18.8.2025

கண்ணு,

மூன்று தடவை படித்தேன். முதல் தடவை எழுத்தைப் படித்தேன். இரண்டாவது தடவைதான் விஷயம் புரிந்தது. மூன்றாவது எதற்கென்று தெரியவில்லை.

இதுவரை எனக்கு வந்த காகிதம் எதுவானாலும் வேறொருவர் படித்துச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். தபால்காரர் படிப்பார், மேஸ்திரி படிப்பார், நீ படிப்பாய். எனக்கு வந்தது எதுவும் எனக்கு மட்டும் தெரிந்ததாக இருந்ததில்லை. இதுதான் முதல் ரகசியம். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தால் கனமாக இருக்கிறது. "பாப்பா என்ன எழுதியிருக்குதுங்கப்பா?" என்று உன் அம்மா கேட்டாள். மழை பெய்கிறதாம் என்றேன்.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை கண்ணு. டீச்சரிடம் கேட்கலாம் என்றால் ரகசியம் போய்விடும். சொன்னால் உனக்கு டிசம்பர் இல்லை. சொல்லாவிட்டால் அந்த ஒரு முழ இடம் இருக்கிறது. எனக்கு உன் பெயரைப் படிக்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசைக்காரனிடம் நீ யோசனை கேட்காதே.

பெயர் இங்கிலீஷில் இருந்தால் என்ன? டீச்சர் எழுதிக் காட்டினார். பத்து எழுத்து. அதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், எல். பெரிய சைஸ். மீதியைப் படித்துக்கொள்கிறேன்.

நல்லான்


பெங்களூரு
24.8.2025

அன்புள்ள அப்புச்சிக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அதற்கு முந்தின நாளே சொல்லிவிட்டேன்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. காயப்போட்ட துணிகளை மழைக்கு அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தோம். முத்துப்பேச்சி தன்னுடையதை எடுத்துவிட்டு, என் சட்டையையும் எடுத்து என் கட்டிலில் போட்டுவிட்டுப் போனாள். என்னைப் பார்க்கவில்லை. மழை வந்தால் யார் துணியானாலும் எடுப்பாள் போலிருக்கிறது. நான் நேராக உஸ்தாத் அறைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த இந்தி பாதி வழியில் தீர்ந்துவிட்டது. மீதியைச் சைகையில் சொன்னேன். என் முதுகையே தொட்டுக் காட்டினேன்.

முத்துப்பேச்சியின் குறியை எடுத்துவிட்டார்கள். என்னை என்ன செய்வது என்று உஸ்தாதுக்கு மேலே இருக்கும் அதிகாரி மேடம்தான் முடிவு செய்வார்களாம். பரேடுக்கென்று உங்கள் வெள்ளை வேட்டியை இப்போதைக்கு எடுத்து வைக்காதீர்கள்.

சித்ரகலா


அருள்புரம்
31.8.2025

கண்ணு சித்ரகலா,

வேட்டியை அயர்ன் செய்தாகிவிட்டது. உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே. சட்டையும்தான். இரண்டையும் பெட்டியில் வைத்து மூடினேன். அங்கமுத்து வந்து பார்த்துவிட்டு, "இன்னும் நாலு மாசம் கெடக்குது, இப்பவே மாப்பிள்ளை ரெடியா?" என்கிறான். கலையாமல் இருக்கும். என் மடிப்பு நிற்கும்.

டிசம்பர் இல்லையென்றால் அடுத்த பரேட். அதற்குள் உன் பெயரை இந்தியிலும் படித்துவிடுவேன். எனக்கு நல்லதுதான் என்று வைத்துக்கொள்.

இப்படி எழுதிவிட்டுத் திரும்பப் படித்துப் பார்த்தேன். பொய் எழுதினாலும் அழியாமல் அப்படியேதான் இருக்கிறது. டிசம்பரே வேண்டும் கண்ணு.

நல்லான்


பெங்களூரு
14.9.2025

அன்புள்ள அப்புச்சிக்கு,

மேடம் கூப்பிட்டார்கள். மேஜைமேல் அந்த அம்பு இருந்தது. ஒட்டும் பக்கம் அழுக்காகி, ஓரம் சுருண்டு கிடந்தது. திருப்பூரில் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார்கள். செக்கிங் என்றேன். அப்படியானால் செக்கிங்கே பார் என்றார்கள்.

மூன்றாவது குறியை நவம்பர் கடைசிவரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதுவரை முப்பத்திரண்டு பேர் யூனிபாரத்துக்கும் நான் பொறுப்பு. கடைசி இன்ஸ்பெக்ஷனில் யாருடைய சட்டையில் தப்பு இருந்தாலும் அது என் தப்பு. ஒரு பட்டன் போதும், அடுத்த பேட்சுக்குப் போய்விடுவேன்.

தினமும் சாயங்காலம் எல்லாரும் சட்டையோடு என் கட்டிலுக்கு வருகிறார்கள். முப்பது பேர். முத்துப்பேச்சி மட்டும் வருவதில்லை. தன் சட்டையைத் தானே அயர்ன் செய்து, தன் கட்டிலுக்கு மேலேயே மாட்டிக்கொள்கிறாள். ஒரு முழ தூரத்தில் தொங்குகிறது. தொட முடியவில்லை. இடது பை மூடியில் தையல் விட்டிருப்பது இங்கிருந்தே தெரிகிறது.

சித்ரகலா


அருள்புரம்
12.10.2025

கண்ணு,

பத்து எழுத்தும் வந்துவிட்டது. சி, எச், ஐ, டி, ஆர், ஏ, கே, ஏ, எல், ஏ. மூன்று இடத்தில் ஏ வருகிறது, அதனால் சுலபம். கம்பெனியில் அட்டைப்பெட்டிகள் மேல் தேடிக்கொண்டே நடக்கிறேன். ஒரு பெட்டியில் உன் சி, இன்னொன்றில் உன் ஆர். ஊர் முழுக்க உன் பெயரைப் பிரித்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். பெட்டிகளைக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். கவலைப்படாதே, மறுநாள் வேறு வருகிறது.

கனவில் துணி காயப்போடும் நீளமான ஒரு கொடி. அதில் முப்பத்திரண்டு சட்டை. உள்ளே ஆள் இல்லை, ஆனால் எல்லாம் அடி பிசகாமல் நடந்து போகின்றன. ஒரு சட்டை மட்டும் நின்று திரும்பிப் பார்க்கிறது. சட்டைக்குத் தலை ஏது, எப்படித் திரும்பும் என்று கேட்காதே. திரும்பியது. அது உன்னுடையதா, அந்தப் பெண்ணுடையதா என்று படிப்பதற்குள் உன் அம்மா காப்பியோடு எழுப்பிவிட்டாள்.

விட்ட தையலைச் சேர்க்க ஊசிநூல் இருக்கிறதா?

நல்லான்


பெங்களூரு
30.11.2025

அன்புள்ள அப்புச்சிக்கு,

வாருங்கள். டிசம்பர் ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு. அம்மாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.

கடைசி இன்ஸ்பெக்ஷன் வெள்ளிக்கிழமை நடந்தது. வியாழக்கிழமை சாயங்காலம்வரை முத்துப்பேச்சி சட்டையைத் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. என்ன உரிமையில் கேட்பது? முப்பது சட்டையையும் முடித்துவிட்டு, என்னுடையதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். டேபிள்மேல் தொப்பென்று ஒரு சட்டை விழுந்தது. மேலே பிளாஸ்திரிச் சுருள்.

"ஒட்டுட்டி" என்றாள்.

"எங்க?"

"எங்கனங்கியது உனக்குத் தெரியாதாக்கும்? ரெண்டு மாசமா எம் பைய மொறச்சுப் பாத்துட்டு கெடக்க. ராத்திரி ஒறக்கம் வருதா எனக்கு?"

பை மூடியில் ஒரு அம்பு ஒட்டினேன். அவள் ஊசியில் நூல் கோத்தாள், நான் தைத்தேன். முடிந்ததும் அம்பை அவளே உரித்து என் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போனாள். மறுநாள் உஸ்தாத் முப்பத்திரண்டு பேரையும் சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் அகராதியில் அதற்கு ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

சித்ரகலா


பெங்களூரு
14.12.2025

அன்புள்ள அப்புச்சிக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததை அம்மா போனில் சொன்னாள். ரயிலில் வழி முழுக்க ஸ்டேஷன் பெயர்களைச் சத்தமாகப் படித்து யாரையும் தூங்கவிடவில்லையாமே.

அன்றைக்குக் கேட்டில் நடந்ததை முத்துப்பேச்சியின் அப்பா சொன்னார். உங்களுக்குப் பின்னால்தான் நின்றாராம். வருகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டு இருந்ததாம். காவலில் இருந்தவர் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியை உங்கள் பக்கம் நகர்த்தினாராம். நீங்கள் அதை நகர்த்திவிட்டு, சட்டைப் பையில் இருந்து உங்கள் பேனாவை எடுத்தீர்களாம். பின்னால் பெரிய வரிசை. நிதானமாக எழுதினீர்களாம்.

அப்புறம் பரேட் முடிந்து என்னிடம் வந்தீர்கள். கட்டிப்பிடிப்பீர்கள் என்று நினைத்தேன். "அசையாத, நில்லு கண்ணு" என்றீர்கள். நானும் விறைப்பாக நின்றேன். பட்டைக்குக் கீழே கட்டைவிரலை ஊன்றி, ஆள்காட்டி விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டே போனீர்கள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், "நீ சும்மா இரு" என்றீர்கள். கடைசி ஏ வந்ததும் பெயரை முழுசாகச் சொன்னீர்கள். உங்கள் குரலில் என் பெயரை அதற்கு முன்னால் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். எனக்கு எதிரே பார்க்க முடியவில்லை. விறைப்பாக நிற்கும்போது கண்ணைத் துடைக்கவும் கூடாது.

நீங்கள் கிளம்பிய பிறகு சாயங்காலம் பாரக்கில் முத்துப்பேச்சி என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். "ஏட்டி செக்கரு, ஊர் சட்டையெல்லாம் பாத்தியே, ஓஞ் சட்டையப் பாத்தியா?" பெயர்ப் பட்டைக்குக் கீழே, பை மூடிமேல், நீலமாக ஒரு கட்டைவிரல். ரேகையெல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது. நாள் முழுக்க அதோடுதான் எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். எப்போது ஒட்டினாளோ தெரியாது, அதைக் காட்டி ஒரு வெள்ளை அம்பும் இருந்தது.

பொங்கலுக்கு லீவு கொடுக்கிறார்கள். அதற்கு முன்னால் ஜனவரி முதல் வாரம் கிட் பார்ப்பார்கள். அம்பை உரித்துவிட்டேன். மை போக என்ன செய்ய வேண்டும் அப்புச்சி? அவசரமில்லை.

உங்கள்
சித்ரகலா


அருள்புரம்
21.12.2025

கண்ணு சித்ரகலா,

உன் கடிதத்தை வகுப்பில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். நானே படித்தேன். அங்கமுத்து, "அப்படின்னா பட்டாளத்துலயும் போயி கைநாட்டு வெச்சுட்டுத்தான் வந்திருக்கற" என்றான். ஜனனி டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தக் கைநாட்டை எங்கே வைக்கிறேன் என்று எனக்கே தெரியாது பார். தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நேராக வைத்திருப்பேன்.

கேட்டில் எழுதியது பற்றி ஒரு விஷயம். பெயர் எழுதி முடித்ததும் பக்கத்துக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று எழுத வேண்டுமாம். அங்கேயும் உன் பெயரைத்தான் எழுதினேன், இங்கிலீஷில். அதனால்தான் அவ்வளவு நேரம்.

உன் அம்மா நீ வரும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். முத்துப்பேச்சிக்கு லீவு உண்டா? வழியில் இறங்கி இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகச் சொல். எங்கள் டேபிளில் சட்டை தேய்த்துக் காட்டுகிறேன்.

அயர்னிங் செக்‌ஷனில் இருக்கிறவனுக்குத் தெரியாத கறை உண்டா? எண்ணெய்க் கறை, துருக் கறை, வெற்றிலைக் கறை எல்லாம் எடுத்திருக்கிறேன். மைக் கறை எடுப்பது ரொம்பச் சுலபம். பத்து நிமிஷம்கூட ஆகாது. அதை விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பார்த்தால் தாளில் இடம் முடிந்துவிட்டது.

நல்லான்